அப்பாவுக்குக் கறுப்பு ஃபிரேம்!

அப்பா படத்துக்கு ரெடிமேட் ஃபிரேம் ஒன்று வாங்கி வந்தேன். தகதகவென்று தங்கக் கலர். அம்மா முகம் சுருங்கிப் போச்சு.

''ஆயுசுல ஒரு மோதிரம் போட்டதில்ல அந்த மனுஷன். இதென்னடா, கல்யாண மண்டப வாசல் மாதிரி?''

என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. இன்னொரு ஃபிரேம் 400 ரூபாய். ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயின்ட் அடித்தால் மிச்சமாச்சே!

படம், கண்ணாடி இரண்டையும் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். கடைக்காரர் சத்தியம் செய்த 'மரம்' வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. பிளாஸ்டிக், சார்! அது புரியாமல், தூசி போகட்டும் என்று டர்பென்டைன் தொட்டுத் துடைத்தேன். ஒரு மூலை பிசுபிசுவென்று இளகியேவிட்டது. பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக்குக்கு டர்பென்டைன் எமனாம். துடைக்க சோப்புத் தண்ணீரே போதும். பெயின்ட்டும் தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக்தான் சரி.

மறுபடி கடைக்கு நடை. மெல்லிசாக இரண்டு கோட். முதல் கோட் நன்றாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் பெரிய வேலை! மொத்தச் செலவு 430 ரூபாய்.

இளகிய மூலையில் மட்டும் பள்ளம் மறையவில்லை. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

''உங்கப்பா ஜன்னலுக்கு பெயின்ட் அடிச்சப்பவும் இப்படித்தான் ஒரு மூலையைக் கோட்டை விட்டார்'' என்றபடி மாலையை எடுக்கப் போனாள்.