கிளை தனிமரமான வரலாறு

பெங்களூர்ப் பல்கலைக் கழகத்தின் வித்து, 1858-இல் பள்ளியாகத் தோன்றி, 1875-இல் சென்ட்ரல் கல்லூரி எனப் பெயர் பெற்ற நிலையமாகும். அந்நாளில் அங்குப் பயின்றோர் சென்னைப் பல்கலைக் கழகப் பட்டமே பெற்றனர். இராஜாஜியும் அவர்களுள் ஒருவர்.

1916-இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. கலைப்பாடங்கள் மைசூர் மகாராஜா கல்லூரிக்கும், விஞ்ஞானம் சென்ட்ரல் கல்லூரிக்கும் உரியவாயின. மறு ஆண்டே விசுவேசுவரையாவின் முயற்சியால் பெங்களூரில் பொறியியற் கல்லூரியும் எழுந்தது. ஆயினும் தலைமையிடம் மைசூரே.

நகரம் வளர வளர மாணவர் தொகை பெருகிற்று. 1964-இல் இவ்விரு கல்லூரிகளையும் அடித்தளமாகக் கொண்டு பெங்களூர்ப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1973-இல் ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புள்ள ஞானபாரதி வளாகத்திற் குடியேறியது.

பின்னர் இணைப்புக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கிற் பெருகவே, தேர்வு நடத்துவதே பெருஞ்சுமையாயிற்று. 2017-இல் பல்கலைக் கழகம் மூன்றாகப் பிரிந்தது. பழைய சென்ட்ரல் கல்லூரி வளாகமே ஒன்றுக்குத் தலைமையிடமாயிற்று. மற்றொன்று கோலாரில் அமைந்தது.

பிரிவினால் நிருவாகம் எளிதாகும். ஆயின் ஆசிரியரும் நூலகமும் ஆய்வுக்கூடமும் கூடவே வளர்ந்தாலன்றிப் பட்டத்திற்கு மதிப்பேது? கிளை தனிமரமாயினும், வேருக்கு நீர் வார்த்தாலன்றோ கனி கிட்டும்!