நாவின் முடிச்சு அவிழ: ஜெர்மன் பேச்சுத் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

அல்லாமா இக்பால் அவர்கள் 1907ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் தங்கி அந்நாட்டு மொழியைப் பயின்றார்கள். மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்கள். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கோதே, பாரசீகக் கவி ஹாஃபிஸின்பால் கொண்ட ஈடுபாட்டால் 1819இல் ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு மறுமொழியாகவே இக்பால் அவர்கள் 1923இல் 'பயாமே மஷ்ரிக்' என்னும் நூலைத் தந்தார்கள். கிழக்கின் குரலுக்கு மேற்கும், மேற்கின் குரலுக்குக் கிழக்கும் செவிசாய்த்து விடை பகர்ந்த வரலாறு இது.

அக்கோதேயின் பெயர் தாங்கிய நிறுவனம் நம் நாட்டில் 'மாக்ஸ் முல்லர் பவன்' எனும் பெயரால் அறியப்படுகிறது. அது நடத்தும் ஜெர்மன் மொழித் தேர்வுக்கு இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அணியமாகி வருகின்றனர். அவர்களுள் செவிலியர் பட்டம் பெற்ற பெண்கள் பலர். ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பணியாற்றப் பொதுவாக 'பி2' எனும் நிலை வேண்டப்படுகிறது. அத்தேர்வின் நான்கு பிரிவுகளுள் பேச்சுப் பிரிவே பலரையும் அஞ்ச வைக்கிறது. அவ்வச்சத்தின் காரணத்தையும், அதனைப் போக்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பி2 என்பது யாது?

ஐரோப்பிய அவை 2001ஆம் ஆண்டில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாக வகுத்து வெளியிட்டது. அவற்றுள் நான்காவது படி பி2. கடைக்குச் செல்லவும் வழி கேட்கவும் முந்தைய படிகளே போதும். பி2 நிலையை எய்தியவரோ, தாய்மொழியாளரோடு இருபாலும் இடர்ப்பாடின்றி உரையாட வல்லவராதல் வேண்டும். ஒரு பொருள் குறித்துத் தம் கருத்தைக் கூறி, அதன் நன்மை தீமைகளை எடுத்துரைக்கவும் வேண்டும்.

கோதே நிறுவனத் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். தேர்ச்சிக்கு 60 வேண்டும். ஒரு பிரிவில் தவறியவர் அதனை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பது ஆறுதலான செய்தி.

தேர்வின் அமைப்பு

பேச்சுத் தேர்வுக்கு இருவர் இணையராக அழைக்கப்படுவர். முன்னதாக 15 நிமிடம் ஆயத்தம் செய்ய அளிக்கப்படும். அகராதிக்கு இடமில்லை, குறிப்பு எழுதிக்கொள்ளலாம். பின்னர்த் தேர்வாளர் இருவர் முன்னிலையில் ஏறத்தாழ 15 நிமிடம் தேர்வு நடைபெறும்.

முதற்பகுதி சிற்றுரை. தரப்பெறும் இரு தலைப்புகளுள் ஒன்றைத் தெரிந்து, சுமார் 4 நிமிடம் பேசுதல் வேண்டும். பொருள் தொடர்பான பல வழிகளைச் சுட்டி, அவற்றுள் ஒன்றை விரித்துரைத்து, நிறைகுறைகளை மதிப்பிட வேண்டும். உரை முடிந்ததும் இணையர் வினா எழுப்புவார். அதற்கு விடை கூற வேண்டும்.

இரண்டாம் பகுதி சுமார் 5 நிமிட விவாதம். ஒரு வினா தரப்படும். இருவரும் தத்தம் நிலைப்பாட்டைக் காரணத்துடன் கூறி, மற்றவர் வாதத்துக்கு மறுமொழி தந்து, ஈற்றில் தாம் உடன்படுகிறோமா மறுக்கிறோமா எனத் தொகுத்துரைக்க வேண்டும்.

'டெல்க்' போன்ற பிற தேர்வுகளின் அமைப்பு வேறு. அதில் மூன்று பகுதிகள் உண்டு. இருவரும் கூடி ஒன்றைத் திட்டமிடுதல் அவற்றுள் ஒன்று. எனவே தாம் எழுதுவது எத்தேர்வு என்பதை மாணவர் முதலில் தெளிதல் நன்று.

எங்கே இடறுகிறோம்?

என் அண்ணன் மகள் செவிலியர் படிப்பை முடித்தவள். முதல் முறை மூன்று பிரிவுகளில் தேறிப் பேச்சில் மட்டும் தவறினாள். அவள் வாப்பா அவளுடைய படிப்புக்காகக் கடன் வாங்கியிருந்தார். வீட்டில் எவரும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனமே அவளை மிகவும் வாட்டியது. "சாச்சா, ஆறு பேச்சு மனப்பாடம் செய்து போனேன். வந்த தலைப்பு எதுவும் அதில் இல்லை" என்றாள். மனப்பாடம் செய்த உரையொன்றை வந்த தலைப்பில் வலிந்து பொருத்தியிருக்கிறாள். இணையாக அமர்ந்தவர் வினா எழுப்பியபோது, தன் அடுத்த வாக்கியத்தை எண்ணிக்கொண்டிருந்தமையால் அவ்வினா அவள் செவியில் ஏறவே இல்லை.

தவறு அவளுடையது மட்டுமன்று. நம் பயிற்சி முறையினுடையது. பள்ளி முதற்கொண்டு நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பேச்சுப்போட்டி. எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்துடன் ஒப்பித்துக் கைதட்டல் பெறுவதே அதன் இலக்கு. பரிசு பெற்ற மாணவனிடம் அதே பொருளில் ஒரு வினாத் தொடுத்துப் பாருங்கள், திகைத்து நிற்பான். பி2 தேர்வு வேண்டுவதோ உரையாடல். உரையாடலில் பாதி கேட்டல். வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்தில் வைத்தார். கேள்வியை அதற்கு வெகுமுன்னரே 42ஆம் அதிகாரத்தில் வைத்தார். செவியின் வழியே நா செல்ல வேண்டும் என்பதற்கு இவ்வைப்புமுறையையே சான்றாகக் கொள்ளலாம்.

நமக்குள்ள வாய்ப்புகள்

தமிழ் மாணவர்க்கு இம்மொழி முற்றிலும் அயலானதன்று. 'நான் நோயுற்றிருப்பதால்' என்பதை ஜெர்மானியர் 'வைல் இஷ் கிராங்க் பின்' என்பர். 'வைல்' காரணம் காட்டும் சொல். 'பின்' என்பதே 'இருக்கிறேன்' எனும் வினை. தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்பினும், இத்தகைய சார்பு வாக்கியத்தில் தமிழிற்போல இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கிலத்தின் வழியே எண்ணுபவர் இங்கு இடறுவர். தமிழின் வழியே எண்ணுபவர்க்கு இது எளிது.

குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கமானதே. 'ஷ்டட்' எனக் குறுக்கினால் நகரம். 'ஷ்டாட்' என நீட்டினால் அரசு. நம்மிடம் இல்லாத உயிரொலிகள் சில உண்டு. உகரத்துக்கு இதழ்களைக் குவித்துக்கொண்டே இகரத்தை ஒலித்தால் அவற்றுள் ஒன்று பிறக்கும். 'நாக்', 'பாக்' போன்ற சொற்களின் இறுதியில் வரும் ஒலி ககரமன்று; 'கலீஃபா' எனும் அரபுச் சொல்லின் முதலொலியை ஒத்தது. சிறு வயதில் மதரஸாவில் எழுத்துகளின் பிறப்பிடம் அறிந்து ஓதப் பழகிய பிள்ளைகளுக்கு இது சிரமமன்று.

பயிலும் முறை

முதலாவதாக, உரையை எழுதி ஒப்பித்தலைக் கைவிடுக. ஒரு தலைப்புக்கு எட்டுப் பத்துச் சொற்களை மட்டும் தாளில் குறித்து, அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு 4 நிமிடம் பேசுக. செல்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பிழைகளைக் குறித்துக்கொள்க. மறுநாள் அதே தலைப்பில் வேறு வாக்கியங்களால் பேசுக.

இரண்டாவதாக, மனப்பாடம் செய்ய வேண்டியவை உரைகளல்ல; இணைப்புத் தொடர்கள். 'என் கருத்தின்படி' எனப் பொருள்படும் 'மைனர் மைனுங் நாக்', 'நீங்கள் கூறுவது சரியே, ஆயினும்' எனப் பொருள்படும் 'டா ஹாபன் ஸீ ரெஷ்ட், ஆபர்' போன்றவை எத்தலைப்பிலும் துணைநிற்கும். கேட்டது விளங்காதபோது மீண்டும் கூறுமாறு பணிவுடன் வேண்டும் தொடரையும் கற்றுக்கொள்க. விளங்காததைக் கேட்பது இழுக்கன்று. விளங்கியதுபோல் தலையசைப்பதே இழுக்கு. தேர்வாளரிடம் 'நீங்கள்' எனும் மரியாதைச் சொல்லான 'ஸீ' என்பதையே வழங்குக.

மூன்றாவதாக, இணையொருவரைத் தேடிக்கொள்க. மற்றவர் கூறியதைத் தம் சொற்களில் ஒரு வாக்கியத்தில் சுருக்கிக் கூறிய பின்னரே தம் வாதத்தைத் தொடங்குவது என விதி வகுத்துக்கொள்க. கேட்கும் பழக்கம் தானே வளரும். ஜெர்மனியின் 'டாய்ச்ச வெல்லெ' வானொலி நிறுவனம், மாணவர்க்கென மெல்லப் படிக்கப்படும் செய்திகளை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. நாள்தோறும் அதனைக் கேட்டு, கேட்டதை இணையரிடம் கூறுக.

நான்காவதாக, ஆயத்தத்துக்குரிய 15 நிமிடத்தைப் பகுத்துக்கொள்க. முழுவதையும் சிற்றுரைக்கே செலவிட்டு விவாதத்துக்கு வெறுங்கையராய்ச் செல்வோர் உளர். விவாதத்துக்கும் இசைவாக இரு காரணங்களையும், எதிராக இரு காரணங்களையும் குறித்துக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

என் அண்ணன் மகள் இவ்வாறே பயின்றாள். அவள் உம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆயினும் இரவுதோறும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்து, 4 நிமிடம் ஆனதும் கையுயர்த்துவார். இரண்டாம் முறை அவள் தேறினாள். "இம்முறை என்ன பேசினாய்?" என்று வினவினேன். "பேசியது நினைவில்லை சாச்சா, எதிரில் இருந்தவர் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது" என்றாள். இக்கட்டுரை கூற விழைவதனைத்தும் அவ்விடையில் அடங்கும்.

பேச்சில் தடுமாற்றம் எவர்க்கும் இயல்பே. இறைத்தூதர் மூஸா (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு இறைவனை வேண்டினார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். வேண்டுதலோடு துணை தேடலும் இருந்தமை நாம் உணரத்தக்கது. நம் பிள்ளைகளுக்கு எதிரில் அமர்ந்து கேட்கும் துணையாக நாம் இருப்போமாக. அவர்தம் நாவின் முடிச்சுகளை எல்லாம் வல்ல இறைவன் அவிழ்த்தருள்வானாக!