ஸ்பிங்ஸின் மூக்கு

கீஸாவில் சுண்ணாம்புப் பாறையிலேயே, சிங்க உடலும் மனித சிரசுமாக, ஏறக்குறைய 73 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் வாய்க்கச் செதுக்கப்பட்ட மகா ஸ்பிங்ஸின் கம்பீரத்தைக் காட்டிலும், அதன் மூக்கறுந்த முகமே கதாசிரியர்களின் கற்பனையைக் கிளறிவிட்டது. ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையில் ஸ்தூல சரீரியான ஒபெலிக்ஸ் சிலைமீது ஏறப்போய் மூக்கைப் பெயர்த்துவிடுகிறான்; 1992-இல் வெளிவந்த ‘அலாவுதீன்’ சித்திரத்திலோ, பறக்கும் கம்பளத்தைக் கண்டு திகைத்த சிற்பியின் உளி தவறிவிடுகிறது. இவை ஹாஸ்யம், ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால், நெப்போலியனின் பீரங்கியே அதைத் தகர்த்தது என்று சரித்திரத்தின் வேஷத்தில் உலவும் கட்டுக்கதை அப்படியன்று; அவன் 1798-இல் எகிப்தில் கால் வைப்பதற்கு அறுபதாண்டுகள் முன்னரே, நார்டன் என்ற டேனிஷ்காரர் வரைந்த சித்திரத்தில் அம்முகம் மூக்கின்றியே காட்சி தருகிறது. மூக்கிருந்த இடத்தில் இன்றும் தெரியும் உளித் தடங்களோ, யாரோ நிதானமாக, வேண்டுமென்றே செய்த காரியத்திற்குச் சாட்சி சொல்கின்றன.