டிவைஸ் ட்ரீ: கர்னலுக்கு வன்பொருளைச் சொல்லும் கோப்பு

யு.எஸ்.பி.யில் செருகிய பென்டிரைவ், தான் யார் என்பதைக் கணினியிடம் தானே சொல்லிவிடும். ஆர்ம் சிப்புக்குள்ளேயே அமைந்த சீரியல் போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்த இன்டரப்ட் எண் அதற்குரியது என்பதை லினக்ஸ் கர்னலுக்கு வேறு யாராவது சொல்ல வேண்டும். ராஸ்பெரி பை போன்ற போர்டுகளில் அதைச் சொல்வது டிவைஸ் ட்ரீ என்னும் கோப்பு.

சன், ஆப்பிள் கணினிகள் பயன்படுத்திய ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்த ஏற்பாடு இது. ஆர்ம் போர்டுகளுக்கோ முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சி நிரல் எழுதினார்கள். அந்தக் குவியலைக் கண்டு 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டார். பிறகுதான் ஆர்மும் டிவைஸ் ட்ரீக்கு மாறியது.

ஒரு சிப்புக்குப் பொதுவான விவரங்கள் ஒரு கோப்பில் இருக்கும். அந்தச் சிப்பில் அமைந்த பல போர்டுகளின் கோப்புகள் அதைச் சேர்த்துக்கொண்டு, தமக்கு வேறுபடுவதை மட்டும் எழுதும். ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள ‘காம்பேட்டிபிள்’ வரியில் நிறுவனமும் மாடலும் இருக்கும். கர்னல் அதைப் பார்த்தே டிரைவரைத் தேர்கிறது.

சிக்கல் எழுத்துப்பிழையில் தொடங்குகிறது. சாதனத்தின் ஒரு பண்பின் பெயரைத் தவறாக எழுதினாலும், இலக்கணம் சரியாக இருந்தால் டிவைஸ் ட்ரீ கோப்புகளுக்கான டி.டி.சி. கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். டிரைவர் சரியான பெயரைத் தேடும். கிடைக்காவிட்டால், கட்டாயமில்லாத பண்பு எனில், அது இல்லை என்றே எடுத்துக்கொண்டு போய்விடும். போர்டு இயங்கும், ஆனால் அரைகுறையாக. இத்தகைய பிழையைப் பிடிப்பதுதான் கடினம். எந்தச் சாதனத்துக்கு எந்தப் பண்புகள் வேண்டும் என்ற விதிகள் முன்பு வெறும் உரைநடையில் இருந்தன. மனிதக் கண் ஒன்றே காவல். 2018-19 வாக்கில் அவற்றைக் கணினியே படித்துச் சோதிக்கக்கூடிய யாமல் வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். இப்போது ‘மேக் டிடிபிஎஸ்_செக்’ என்ற கட்டளை கோப்புகளை அவ்விதிகளோடு ஒப்பிட்டு, விடுபட்டதையும் அறியாத பெயரையும் சுட்டுகிறது.

பெயர்கள் பற்றிய கறார் வீண் பிடிவாதம் அல்ல. டிவைஸ் ட்ரீ போர்டின் ஃபர்ம்வேரிலேயே தங்கியிருக்கலாம்; புதிய கர்னல் அந்தப் பழைய கோப்போடும் இயங்கியாக வேண்டும். ஏற்கப்பட்ட பெயரைப் பின்னால் மாற்றுவது எளிதல்ல.

ஆனால் இந்தச் சோதனை அறிவது வடிவத்தை மட்டுமே. முறைப்படி எழுதிய தவறான இன்டரப்ட் எண் தடையின்றித் தேறிவிடும். அதைப் பிடிக்கச் சிப்பின் கையேட்டைப் புரட்ட வேண்டும், போர்டை இயக்கியும் பார்க்க வேண்டும்.