24 மணி நேரமும் விழித்திருக்கும் வீட்டு சர்வர்! மதர்போர்டு வாங்கும் முன் உஷார்!

சென்னை,

கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சர்டிபிகேட், கடைக் கணக்கு, வாசல் கேமராவில் பதிவாகும் காட்சி, டி.வி.யில் பார்க்க நாலு சினிமா. இத்தனையையும் வீட்டிலேயே ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் வீட்டு சர்வர். ராத்திரி, பகல் என்று இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர் அது.

பெட்டியின் முதுகெலும்பு மதர்போர்டு. ஹார்டு டிஸ்க்கைப் பிறகு மாற்றலாம், மெமரியைக் கூட்டலாம். மதர்போர்டைத் தப்பாக வாங்கிவிட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்!

"கேமிங்கா சார்?"

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் கேட்கப்படும் கேள்வி, "கேமிங்கா சார், ஆபீஸ் யூசா?" என்பதுதான்.

இரண்டும் இல்லை. "24 மணி நேரமும் ஓடணும் தம்பி. நாலு ஹார்டு டிஸ்க் மாட்டணும்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

கலர் கலராக விளக்கு எரியும் கேமிங் போர்டு விளையாட்டுக்காகச் செய்தது. அந்த விளக்குக்குக் கொடுக்கும் காசு சர்வருக்கு வீண். சர்வர் போர்டில் பார்க்க வேண்டிய சமாசாரங்களே வேறு. அதன் விவரம் வருமாறு:-

துண்டுச் சீட்டில் கணக்கு

மளிகைக் கடைக்குப் போகும்போது சீட்டு எழுதுகிறோம் அல்லவா? அதேபோல் பெட்டி என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, கடையில் 4 கேமரா. ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 மெகாபிட், அதாவது வினாடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு சுமார் 173 ஜி.பி. 30 நாள் பதிவை வைத்திருக்க 5 டி.பி.க்கு மேல் வேண்டும்!

கேமராவுக்கு ஒரு டிஸ்க், போட்டோவுக்கும் கணக்குக்கும் இரண்டு (ஒன்று போனால் மற்றது இருக்கும்), சினிமாவுக்கு ஒன்று. ஆக நாலு டிஸ்க்.

டிஸ்க்கை மாட்டும் இடத்துக்கு 'சாட்டா போர்ட்' என்று பெயர். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இது 4-தான் இருக்கும். இன்றே நாலும் நிரம்பினால் நாளைக்கு? ஒன்றிரண்டு காலியாக இருக்கும்படி பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

சின்ன எழுத்தில் ஒரு வரி

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

போர்டில் 'எம்.2' என்று ஒரு இடம் இருக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிய டிஸ்க்கை அதில் செருகலாம். ஆனால் சில போர்டுகளில் அங்கே டிஸ்க்கைச் செருகியதும் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செத்துவிடும்! இரண்டுக்கும் உள்ளே போகும் பாதை ஒன்று என்பதால் இந்தக் கதி.

அட்டைப் பெட்டியில் 6 சாட்டா என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். செத்துப்போகும் விஷயம் கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். போர்டு கம்பெனிகள் கையேட்டைத் தங்கள் இணைய தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. காசு கொடுக்கும் முன் செல்போனிலேயே படித்துவிடலாம்.

கூடுதல் கார்டு மாட்டும் நீள ஸ்லாட்டிலும் இதே சங்கதி உண்டு. பார்க்க 16 வழிப் பாதை போல நீளமாக இருக்கும். உள்ளே ஓடுவது 4 வழியாகவோ ஒரே வழியாகவோ இருக்கலாம். அதுவும் கையேட்டில்தான் தெரியும்.

எந்த அளவு?

பெரியது ஏ.டி.எக்ஸ். 305-க்கு 244 மில்லி மீட்டர். நடுத்தரம் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. சின்னது மினி ஐ.டி.எக்ஸ். 170-க்கு 170.

சின்னது அழகாக டி.வி. மேஜைக்கு அடியில் உட்காரும். ஆனால் கூடுதல் கார்டு மாட்ட ஒரே ஒரு ஸ்லாட்தான். பல வேலை செய்யும் பெட்டிக்கு நடுத்தர அளவே தோது.

100 யூனிட்டில் 86!

சும்மா இருக்கும்போதும் சர்வர் கரண்ட் குடிக்கும். போர்டும் பிராசசரும் சேர்ந்துதான் அந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

60 வாட் குடிக்கும் பெட்டி 60 நாளில் 86 யூனிட் தின்னும். 20 வாட் பெட்டி 29 யூனிட்டோடு நிற்கும்.

வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்த 100-ல் 86-ஐ மூலையில் இருக்கும் ஒரு பெட்டியே விழுங்கினால் பேனுக்கும் பிரிஜ்ஜுக்கும் என்ன மிஞ்சும்?

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வருகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்கும்போது மிச்சமான பணம் பில்லில் போய்விடக்கூடாது.

கரண்ட் போய் வந்தால்?

நடு ராத்திரியில் கரண்ட் போகிறது. அரை மணியில் வருகிறது. பெட்டி தானாக எழுந்திருக்குமா? எழாவிட்டால் விடியும்வரை கேமரா பதிவு இல்லை. திருடனுக்குக் கொண்டாட்டம்!

மதர்போர்டின் 'பயாஸ்' அமைப்பில், கரண்ட் திரும்பியதும் தானே ஓடத் தொடங்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மட்டும் போதாது, வீட்டுக்கு வந்ததும் அதை ஆன் செய்ய வேண்டும். கூடவே ஒரு யு.பி.எஸ். இருப்பது நல்லது.

இன்னொன்று. சர்வருக்கு எப்போதும் மானிட்டர் தேவை இல்லை. ஆனால் கோளாறு வந்தால் திரையில் பார்த்தாக வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எப்' என்று முடிந்தால் அதில் படம் காட்டும் பாகம் கிடையாது. 12100 வாங்கினால் படம் வரும். 12100எப் வாங்கினால் தனி கார்டு வாங்க வேண்டும். ஸ்லாட்டும் போச்சு, கரண்டும் போச்சு.

மெமரியில் பிழை

கணக்குப் புத்தகத்தில் 7-ஐ 1 என்று எழுதினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் மெமரியிலும் அப்படி நடப்பது உண்டு. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், 100 மெமரிகளில் 8-க்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிழை காட்டியது தெரிய வந்தது.

இந்தப் பிழையைத் தானே திருத்தும் மெமரிக்கு 'இ.சி.சி.' என்று பெயர். அதை மாட்டினால் மட்டும் போதாது. போர்டும் பிராசசரும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். ரைசன் 5600-ல், போர்டு இடம் கொடுத்தால், இ.சி.சி. வேலை செய்யும். ஆனால் படம் வராது. 5600ஜி-யில் படம் வரும், இ.சி.சி. கிடையாது. கடைக் கணக்கு முக்கியமா, தனி கார்டு செலவு மிச்சமா என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற குழப்பமும் வேண்டாம். ஒன்றுக்கான போர்டில் மற்றது ஏறாது. 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை எகிறியதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 கிடந்தால் அதற்கு ஏற்ற போர்டு பார்ப்பதில் லாபம் உண்டு.

உப்பிய கண்டன்சர்

செகண்ட் ஹேண்டு போர்டு வாங்குகிறவர்கள் கண்ணை நன்றாகத் திறந்துகொள்ள வேண்டும்.

2000-ம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கண்டன்சர்கள் உப்பி, வெடித்து ஒழுகின. திருடப்பட்ட அரைகுறை ரசாயன பார்முலாவே காரணம் என்று அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. அந்தக் காலத்துப் போர்டு இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் பார்வையிடும் முறை இன்றும் அதேதான்.

கண்டன்சரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பி இருக்கக்கூடாது. பிராசசர் உட்காரும் இடத்தில் ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் தண்ணீரோ கடல் காற்றோ பட்ட போர்டு. கையைக் கூட வைக்காதீர்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் போர்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்றும் ஒத்துப் பாருங்கள். "அதெல்லாம் கரெக்டா இருக்கும் அண்ணே" என்ற வாய் வார்த்தை வாரண்டி ஆகாது. பில் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கலாம்?

போட்டோவும் சினிமாவும் மட்டும் என்றால் இன்டெல் என்.100 பிராசசர் பதித்தே வரும் சின்ன போர்டு போதும். பிராசசரின் மின் அளவு 6 வாட்தான். பிராசசரைப் பிற்பாடு மாற்ற முடியாது என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும்.

கடைக் கணக்கு, கேமரா, நாலைந்து டிஸ்க் என்று எல்லாம் வேண்டுமானால் நடுத்தர அளவு போர்டு, 6 சாட்டா, மெமரிக்கு 4 ஸ்லாட் இருந்தால் உத்தமம்.

எத்தனை நல்ல போர்டாக இருந்தாலும் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் பெட்டி மொத்தமும் போகும். 2015 டிசம்பரில் சென்னை கண்ட காட்சி அது. ஆகவே முக்கியமானவற்றின் நகல் ஒன்றைத் தனி டிஸ்க்கில் பதிந்து அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மதர்போர்டு வாங்கிய மறுநாளே செய்ய வேண்டிய வேலை இது.