நெய்வேலி யார் கையில்?

நெய்வேலி என்றதும் "அதைத்தான் வித்துட்டாங்களே" என்பார் ஒருவர். "யார் சொன்னது? இன்னும் கவர்மெண்ட் கம்பெனிதான்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் அப்ரண்டிஸுக்கு மனுப்போடும் இடம் என்பதால், விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொள்வோம்.

மத்திய அரசு 1956-ல் தொடங்கிய நிறுவனம் இது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கமே வெட்ட முடியும். அப்படிப்பட்ட வேலையில் அன்றைக்கு எந்த முதலாளி பணத்தைக் கொட்டியிருப்பார்?

பங்கு விற்பனையும் தனியார்மயமும் ஒன்றல்ல. 51 சதவீதமாவது அரசிடம் இருக்கும்வரை சட்டப்படி அது அரசுக் கம்பெனியே. நிர்வாகமே கைமாறினால்தான் முழுத் தனியார்மயம். அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. அரசு தன் கையிலுள்ள பங்கை விற்றால் பணம் டெல்லி கஜானாவுக்குத்தான் போகும். அதில் நெய்வேலிக்கு ஒரு கன்வேயர் பெல்ட்கூட வராது!

2006-ல் 10 சதவீதம் விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டணியை விட்டே விலகுவோம் என்றது தி.மு.க. பிரதமர் மன்மோகன் சிங் விற்பனையை நிறுத்தி வைத்தார்.

2013-ல் வேறு ரூபத்தில் வந்தது. பட்டியலிட்ட பொதுத்துறை நிறுவனங்களில் 10 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது அன்றைய செபி விதி. நெய்வேலியில் இருந்ததோ 6.44 சதவீதம். ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தம். அப்போது முதல்வர் ஜெயலலிதா சொன்ன வழி கெட்டிக்காரத்தனமானது: குறையும் 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும். செபியும் ஒப்புக்கொண்டது. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. விதியும் நிறைவேறியது, பங்கும் வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 2024 மார்ச்சில் 7 சதவீதம் விற்றபின் மத்திய அரசிடம் நின்றது 72 சதவீதத்துக்குச் சற்று மேல். கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். மற்ற பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தால் அரசு தனியாக அதை நிறைவேற்ற முடியாது. என்னைக் கேட்டால், 51-ஐ விட இந்த 75-தான் கவனிக்க வேண்டிய கோடு.

பங்கே விற்காமல் உள்ளுக்குள் நடக்கும் தனியார்மயமும் உண்டு. நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலையை ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுப்பது அதுதான். கம்பெனி அரசுடையது, அவருக்கோ முதலாளி காண்ட்ராக்டர்.

சிதம்பரத்தில் நடந்தது தலைகீழ். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பணநெருக்கடியில் சிக்க, 2013-ல் தமிழக அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. ஆனால் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021-ல்தான் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, அரசுக் கல்லூரிக் கட்டணம் வந்தது.