அமிர்தமும் நஞ்சாகும் வியாதி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளுக்கு விருந்தினர் வரவு அதிகம். வந்தவர்களின் உறவுமுறையை விசாரித்தால், மாமன் மகளை மணந்தவர், அக்காள் மகளை மணந்தவர் என்று பலர் இருப்பார்கள். சொந்தம் விட்டுப்போகலாகாது என்பதற்காக நம் பெரியோர் கைக்கொண்ட வழக்கம் இது. அதைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும், அவ்வழக்கத்தோடு சம்பந்தமுள்ள ஓர் அபூர்வ வியாதியையும், அதன் மர்மத்தைத் துலக்குவதில் பல்லாண்டு உழைத்த நம் தேசத்து விஞ்ஞானி டாக்டர் சுப்பிரமணியம் கணேஷையும் பற்றி நேயர்கள் அறிந்திருப்பது நலம்.

வியாதியின் பெயர் லாஃபோரா. நோயாளிகளின் மூளையில் விசித்திரமான உருண்டைகள் இருப்பதை 1911-ல் கண்டு கூறிய ஸ்பானிய வைத்தியரின் பெயர் அது. பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்குள் நோய் தலைகாட்டும். நன்றாகப் படித்துவந்த பிள்ளை பாடத்தில் பின்தங்குவான்; கை கால் திடீரென்று வெட்டி இழுக்கும்; வலிப்பு வரும்; நினைவு குன்றும். பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் உயிரிழக்கிறார்கள். உபாத்தியாயர்களான நாம் இதைச் சோம்பல் என்று எண்ணிப் பிரம்பை எடுக்கக்கூடும். வீட்டிலோ தெய்வக் குற்றம் என்பார்கள்.

உண்மை என்ன? வீட்டில் குதிர் நிறைய நெல் சேமிப்பதுபோல, உடல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமித்து வைக்கிறது. இந்நோயில் அது முறை தவறிக் கட்டிதட்டி, மூளை அணுக்களை அடைத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கும் காவலர் இருவர்: லாஃபோரின், மாலின் என்னும் புரதங்கள். அவற்றுள் ஒன்று பழுதானாலும் நோய்தான். லாஃபோரினுக்குரிய ஜீன் 1998-லும், மாலினுக்குரியது 2003-லும் கண்டுபிடிக்கப்பட்டன.

டாக்டர் கணேஷின் ஆராய்ச்சி வாழ்க்கை இந்நோயில் ஆரம்பிக்கவில்லை; ஓணானில் ஆரம்பித்தது! நம் ஊர்ச் சிறுவர்கள் வேலியோரம் கல்லெறிந்து துரத்தும் அதே ஓணான்தான். ஆண் பெண் பேதத்தை நிர்ணயிக்கும் தனிக் குரோமோசோம் அதற்கு இல்லை. பின் எவ்வாறு அப்பேதம் உண்டாகிறது என்று அவர் வடகாசியிலுள்ள இந்து சர்வகலாசாலையில் ஆராய்ந்தார். பிறகு ஜப்பானிலுள்ள ரிகென் மூளை ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். லாஃபோரின் என்பது பாஸ்பேட்டை அகற்றும் ஒரு என்ஸைம் என்பதை 2000-ல் அவரும் சகாக்களும் காட்டினர். 2002-ல் அந்த ஜீன் இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினர். எலிகளுக்கு நடை தள்ளாடியது. உடல் வெட்டி இழுத்தது. உருண்டைகள் தோன்றுமுன்பே மூளை அணுக்கள் மடிந்ததுதான் அவர்கள் கண்ட அதிசயம்.

அப்படியானால் உருண்டை மாத்திரம் குற்றவாளியன்று. கான்பூர் இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் அவருடைய குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அவ்விரு காவலரும் சேர்ந்து, அணுவுக்குள் உருக்குலைந்த புரதக் குப்பையை அகற்றவும் உதவுகிறார்கள் என்று 2009-ல் வெளியிட்டது. ஹண்டிங்டன் என்னும் வேறொரு பரம்பரை மூளை நோயில், கிளைக்கோஜனை உண்டாக்கும் என்ஸைமே நரம்பணுக்களைக் காக்கிறது என்று 2018-ல் எழுதியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. கிளைக்கோஜன் உற்பத்தியைக் குறைத்தால் எலிகளுக்கு நோய் தணிகிறது என்று பிற தேசத்தாரும் கண்டிருப்பதால், வழி தென்படுகிறது என்று சொல்லலாம்.

இனிக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரு பிரதிகள். தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. இரண்டும் பழுதானால்தான் இந்நோய் வரும். பழுது ஒன்றே உடையவர் சுகமாக இருப்பார். அவருக்கே அது தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. ஒரே பாட்டனின் வழிவந்தவர்களிடம் ஒரே பழுது இருக்க இடம் அதிகம். ஆகவே, வம்சத்தில் இளவயதில் வலிப்பும் புத்தி மயக்கமும் வந்து இறந்தவர் உண்டென்றால், சொந்தத்தில் சம்பந்தம் பேசுமுன் ஜாதகத்தோடு வைத்தியரையும் கலந்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையால் ஜீனின் பழுதை அறியலாம்.

நோயுற்ற பிள்ளையின் தாயை, “உன்னால்தான் வந்தது” என்று ஏசும் வீடுகள் உண்டு. பழுது இருவரிடமிருந்தும் வந்தது. குற்றம் இருவரிடமும் இல்லை. ஆராய்ச்சிசாலையில் மருந்து பிறக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்தத் தாயின் பழியை நீக்க அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.